நாலாம் பம்ப் அறையில் ஆள் இருக்கு

கதவைச் சாத்திவிட்டு இப்படி ஹீட்டர் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். காற்று அடங்குகிறவரை கிரேன் ஓடாது. கிரேன் ஓடாமல் நமக்கு வேலை கிடையாது. காபியை ஆறவிடாதீர்கள்.

நம்பச் சொல்லி யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. இது என் மச்சான் டெலாய்ட் பூன் கூட இருந்து பார்த்தது. என் மனைவியின் அண்ணன். முப்பத்தொரு வருஷம் இதே கப்பல் யார்டில் பாரம் தூக்குகிற கோஷ்டியில் இருந்தான். குடிக்கிறவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த வாரம் குடிக்கவில்லை.

நேரம், ராத்திரி பதினொன்று நாற்பது. ஜனவரி மாசம். ஜேம்ஸ் ஆற்றை ஒட்டி, யார்டு மதிலோரமாகப் போகிறதே, அந்தச் சாலை... பகலில் இருபதாயிரம் பேர் போகிற சாலை, அந்த நேரத்தில் ஒரு நாய் கிடையாது. ரொவீனா மக்சினோ தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். நாற்பத்தேழு வயசு. பிலிப்பைன்ஸ்காரக் குடும்பம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தத் தண்ணீர்க்கரையில்தான். ஆற்றின் பக்கம் மதிலுக்கு மேலே கறுப்பாக ஒன்று எழுந்து நின்றது. அதுதான் டொமினியன். கப்பல்காரர்கள் அந்தக் கப்பலைக் கிழவி என்பார்கள்.

ஐம்பது வருஷம் அணு உலையில் ஓடிய விமானந்தாங்கிக் கப்பல். எரிபொருளை எடுத்தாகிவிட்டது. உலை செத்தது. லைட் செத்தது. காட்சிக்கு வைக்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். உலையை வெளியே எடுக்க வேண்டுமென்றால் வயிற்றை அறுத்தாக வேண்டும், அறுத்த பிறகு நிறுத்திவைக்கக் கப்பல் ஏது? பத்து நாளில் விடைகொடுக்கும் விழா. மறுநாள் விடியலில் இழுத்துக்கொண்டு போய் உடைக்கப் போகிறார்கள்.

அந்தப் பத்து ராத்திரிக்கு ரொவீனாவுக்கு உள்ளே காவல். மணிக்கு ஒரு தடவை சுற்றிவர வேண்டும். தீ இருக்கிறதா, தண்ணீர் கசிகிறதா என்று பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். யாரும் கேட்டு வாங்குகிற வேலை இல்லை. அவள் கேட்டு வாங்கினாள்.

காரணம், அவள் அண்ணன் நெஸ்டர். இந்தக் கப்பலில்தான் செத்தான். இருபது வயசு.

முப்பது வருஷத்துக்கு முன்னால், நடுக்கடலில் தீ. ஆயுதக் கிடங்குக்கு இரண்டே அறை தள்ளி. அது மட்டும் பற்றியிருந்தால் கப்பலோடு ஐயாயிரம் பேர் போயிருப்பார்கள். அதனால் கிடங்கைச் சுற்றியிருந்த அறைகளை மூடி, வால்வைத் திறந்து, கடல் தண்ணீரை உள்ளே விட்டார்கள். கப்பல் தப்பியது. தீயில் ஐந்து பேர் போனார்கள். ஆறாவது நெஸ்டர். தீயில் இல்லை, தண்ணீரில். நாலாம் பம்ப் அறையில்.

விசாரணை அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? தண்ணீர் விடும் முன்னால் நாலாம் பம்ப் அறைக்கு மூன்று தடவை போன் செய்தோம், பதில் இல்லை, காவலில் இருந்தவன் தூங்கிவிட்டான்.

நீங்கள் கப்பலில் இருந்தவர்கள் இல்லை, அதனால் சொல்கிறேன். காவலில் தூங்கினான் என்பதைவிட ஒரு கப்பல்காரனை வேறு எப்படியும் கேவலப்படுத்த முடியாது. மாற்று ஆள் வந்து, 'பொறுப்பை ஏற்றேன்' என்று வாயால் சொல்லும்வரை இடத்தை விட்டு நகரக்கூடாது, கண்ணை மூடக்கூடாது. அதுதான் அவர்களுக்குச் சட்டம், சாமி, எல்லாம்.

நெஸ்டரின் அப்பா ஆன்செல்மோவும் கப்பல்காரர். அவர் சேர்ந்த காலத்தில் பிலிப்பைன்ஸ்காரனுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார்கள். ஆபீசர்களுக்குக் காபி ஊற்றுவது, படுக்கை விரிப்பது. இருபத்திரண்டு வருஷம் ஊற்றினார், விரித்தார். ஒரே ஒரு நாள்கூட அவரைக் காவலில் நிறுத்தவில்லை. மகன் காவலில் நிற்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷன், அறிக்கை வந்த அன்றைக்கு மகனின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார். நவம்பரில் இறந்தவர்களுக்குச் சோறு வைப்பார்கள் அவர்கள் வீட்டில். மனைவிக்குத் தட்டு வைப்பார். மகனுக்கு வைக்கமாட்டார்.

இப்போது கிழவியின் பித்தளையை உருக்கி ஒரு நினைவுத் தகடு வார்த்திருந்தார்கள். தீயில் செத்தவர்கள் பெயரைப் பொறித்துப் புதிதாகக் கட்டுகிற கப்பலில் மாட்டுவதற்கு. அதில் ஐந்து பெயர். ரொவீனா பதினோரு கடிதம் எழுதினாள். ஒரே பதில்தான். அறிக்கையில் கையெழுத்துப் போட்ட ஆபீசரே வந்து மாற்றிச் சொன்னால் ஒழிய எதுவும் செய்வதற்கில்லை. அந்த ஆபீசர் பெயர் ராய்ஸ் டில்லட்சன். அன்றைக்குக் கட்டுப்பாட்டு அறையில் போனருகே உட்கார்ந்திருந்தவர். இப்போது எண்பது வயசு. விழாவில் பேசப்போகிறவரும் அவரே.

சரி. முதல் ராத்திரி.

விமானங்களை நிறுத்துகிற அந்தப் பெரிய கூடத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, காவல் புத்தகம். வெளியிலிருந்து ஒயர் இழுத்து வரிசையாகப் பத்து பல்பு. மிச்சமெல்லாம் இருட்டு. பழைய எண்ணெய் வாடை, ஈரப் பெயின்ட் வாடை. மேசைக்குப் பின்னால் சுவரில் கப்பலின் பழைய போன். அதற்குக் கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். ஒரு பக்கம் கைப்பிடியைச் சுற்றினால் இந்தப் பக்கம் உறுமும். பேசுகிறவன் மூச்சிலேயே குரல் வந்து சேரும். கப்பல் செத்தாலும் பேச வேண்டுமென்று செய்துவைத்த போன் அது.

பன்னிரண்டு பதினேழுக்கு அது உறுமியது.

உர்ர்ர்ர்... நிறுத்தம். மறுபடி, உர்ர்ர்ர்...

டெலாய்டின் குறும்பு என்று நினைத்தாள். அவன் கோஷ்டி இரண்டு தளம் கீழே வேலை செய்துகொண்டிருந்தது. எடுத்து, "அண்ணே, வேற வேலை இல்லையா?" என்றாள்.

தண்ணீர் சலசலக்கிற சத்தம். மூச்சு. பிறகு ஒரு குரல். "நாலாம் பம்ப் ரூம். ஆள் இருக்கு. பம்ப் ஓடுது. தண்ணி கணுக்கால் வரைக்கும்."

தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுகிற குரல். சின்ன வயசில் அவள் ஆயிரம் தடவை கேட்ட குரல்.

"நெஸ்டர்?"

அந்தப் பக்கம் அவள் சொன்னது கேட்கவில்லை. போன் செத்தது.

பயம் வரவில்லை என்று டெலாய்டிடம் அப்புறம் சொல்லியிருக்கிறாள். கோபம். முப்பது வருஷமாகத் தூங்கினான், தூங்கினான் என்று சொன்னார்களே, தூங்குகிறவனா இப்படிப் பேசுவான்? பேனாவை எடுத்து எழுதினாள். மணி 12.17. நாலாம் பம்ப் அறையிலிருந்து தகவல். ஆள் இருக்கிறது. பம்ப் ஓடுகிறது. தண்ணீர் கணுக்கால்வரை.

அப்புறம்தான் டெலாய்டைப் போய்க் கேட்டாள். அவன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். "தங்கச்சி, நாலாம் பம்ப் ரூம்ல போனே இல்ல. ஒயரும் இல்ல. போன மாசம் நான்தான் அறுத்துக் குப்பையில போட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதினே?"

"தகவல் வந்தா எழுதணும். அதுக்குத்தான் சம்பளம்."

காலையில் டியூட்டி ஆபீசர் வந்தான். முகத்தில் பரு மாறாத பையன். புத்தகத்தைப் புரட்டியதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்பான் டெலாய்ட்.

"என்ன இது?"

"வந்த தகவல், சார்."

"அங்க போன் இல்லையே."

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

"அதை எழுதறதுக்கு இந்தப் புத்தகத்துல கட்டம் இல்லைங்க."

காவல் புத்தகத்தில் அழிக்கக்கூடாது. கிழிக்கக்கூடாது. தப்பென்றால் ஒரே கோடு போட்டு, எழுதினவர்தான் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வேறு எந்தக் கொம்பனும் தொட முடியாது. பையன் பேனாவை நீட்டினான். "அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"தப்பா எழுதியிருந்தா அடிச்சிருப்பேன் சார்."

"வேலை போயிடும்."

"போகட்டும். எழுதினது இருக்கும்ல."

பாக்கி ஒன்பது ராத்திரிக்கு வேறு ஆள் தேடப் பையனுக்குத் தெம்பு இல்லை. அவளையே விட்டுவிட்டுப் போனான்.

இரண்டாம் ராத்திரி, அதே பன்னிரண்டு பதினேழு. தண்ணீர் முழங்கால்வரை. மூன்றாம் ராத்திரி தொடை. டெலாய்ட் அன்றைக்குப் பக்கத்தில் நின்றான். உறுமலை அவனும் கேட்டான். ரிசீவரை அவன் காதில் வைத்தாள். "சத்தியமா சொல்றேன்," என்பான், "காதுக்குள்ள ஜில்லுனு ஈரக்காத்து வந்துச்சு." கடல் தண்ணீரின் உப்பு வாடை. அந்தக் கப்பலுக்குள் தண்ணீரே கிடையாது, வற்றவைத்து ஆறு மாசம் ஆகியிருந்தது.

ஆறாம் ராத்திரி தண்ணீர் மார்வரை. அன்றைக்குக் குரல் கூடுதலாகப் பேசியது. பல் கிட்டிப்போய்த்தான் பேசினான். "கன்ட்ரோல்... மூணு தடவை கூப்பிட்டேன். எடுங்க..." நீளமாக ஒரு மூச்சு. "சரி. பம்ப் ஓடுது. நான் விட்டா தீயணைக்கிற குழாயில தண்ணி நின்னுடும். மாத்த ஆள் வர்ற வரைக்கும் இங்கதான் இருக்கேன்."

ரொவீனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் இவனைக் கூப்பிடவில்லை. இவன்தான் அவர்களைக் கூப்பிட்டிருக்கிறான். அழுதாள், நன்றாகவே அழுதாள். அழுதுகொண்டே ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனாள். கிழவர் மேசையில் தனியாக உட்கார்ந்து பான்சிட் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முள்கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"கையெழுத்து போட்டவர் டில்லட்சன். வேற கப்பல்ல அவருக்கு ரெண்டு வருஷம் காபி ஊத்தியிருக்கேன். சர்க்கரை போடாம. அவர் பொய் சொல்ற ஆள் இல்ல."

"அப்போ உங்க மகன் பொய் சொல்றானாப்பா?"

கிழவர் இப்போதுதான் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தட்டில் பாதி அப்படியே இருந்தது. எழுந்து போய்க் கை கழுவினார். குழாயை நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். "தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

"மார்வரைக்கும்."

"விழா அன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

விழா காலை பத்து மணிக்கு. அதே கூடம், முந்நூறு நாற்காலி, பேண்டு வாத்தியம், குளிருக்குக் கம்பளிக் கோட்டு. பித்தளைத் தகட்டைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். ரொவீனா ராத்திரிக் காவலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் மேசையருகே நின்றாள். அப்பாவை டெலாய்ட் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தான். ராத்திரி போன் உறுமவே இல்லை. பத்து ராத்திரியில் அந்த ஒரு ராத்திரிதான் உறுமவில்லை.

டில்லட்சன் வந்ததும் எதிரே போய் நின்றாள். இன்னார் என்று சொன்னாள். அவர் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வருத்தம்தான்மா. ஆனா அறிக்கை அறிக்கைதான். கப்பல் தப்பிச்சுது, அதை நினைச்சுக்கோ."

"எங்களுக்கு நினைக்கறதுக்கு வேற ஆள் இருக்கான் சார்," என்று கையை உருவிக்கொண்டாள்.

மனுஷன் நன்றாகப் பேசினார், குறை சொல்ல முடியாது. கிழவி போன கடலெல்லாம் சொன்னார். "உலையை எடுத்துட்டோம். இரும்பையும் எடுத்துடுவாங்க. ஆனா இவ விட்டுட்டுப் போறதை யாராலயும் அறுக்க முடியாது. ஐம்பது வருஷம் நமக்காக இவ கண்ணை மூடல. இவளுக்குள்ள காவல் நின்னவங்க, அந்த அஞ்சு பேர்..."

உர்ர்ர்ர்...

முந்நூறு பேருக்கும் கேட்டது. ஒருத்தர் திரும்பினார். இன்னொருத்தர் இருமினார்.

உர்ர்ர்ர்... உர்ர்ர்ர்...

டியூட்டி ஆபீசர் பையன் எடுக்காதே என்று தலையை ஆட்டினான். ரொவீனா அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள். குரல் இல்லை. முகத்தை மேலே தூக்கி, இரும்புக் கூரையோடு ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். நடுவில் துண்டு துண்டாக, "ஆள்... இருக்கு..."

"அப்பா," என்றாள்.

ஆன்செல்மோ எழுந்தார். தடியை ஊன்றிக்கொண்டு நடுப்பாதையில் வந்தார். யாரும் தடுக்கவில்லை. ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். எவ்வளவு நேரம் கேட்டார் என்று தெரியாது. அவர் தாடை ஆடியதை டெலாய்ட் பார்த்தான். பிறகு திரும்பினார். தடி கீழே விழுந்தது, அதை எடுக்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து மேடையைப் பார்த்து நீட்டினார்.

"கமாண்டர். போன் உங்களுக்குத்தான்."

டில்லட்சன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "ஆன்செல்மோ. அதை வை."

"இருபத்திரண்டு வருஷம் உங்க மாதிரி ஆளுங்க கேட்டதையெல்லாம் கொண்டுவந்து கையில கொடுத்தேன். இதை நான் கொண்டுவர மாட்டேன். நீங்க எழுந்து வந்து வாங்கிக்கணும்."

ஆன்செல்மோ நீட்டிய கை இறங்கவில்லை. எண்பத்துநாலு வயசுக் கை.

டில்லட்சன் இறங்கி வந்தார். வாங்கினார். காதில் வைத்தார்.

வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மேடை மைக் எங்கேயோ இருந்தது. ஆனாலும் அவர் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது. "இவன் கூப்பிட்டான். போன் உறுமிக்கிட்டே இருந்துச்சு. நான் எடுக்கல. எடுத்தா உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சா என்னால வால்வைத் திறக்க முடியாது... நாங்க கூப்பிடவே இல்ல. தூங்கல. இவன் தூங்கல."

ரொவீனாதான் பேசினாள். "இன்னும் மாத்த ஆள் வரலன்னு நிக்கிறான் சார். என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

டில்லட்சன் மூன்று தடவை முயற்சி செய்தார். "நாலாம் பம்ப் ரூம்... பொறுப்பை ஏத்துக்கிட்டேன்."

போனில் அந்த மூச்சுச் சத்தம் இல்லை. தண்ணீர்ச் சத்தமும் நின்றுபோனது.

பிறகு கீழேயிருந்து ஒரு சத்தம். டங்... டங்... டங்... இரும்பு ஏணியில் யாரோ ஏறுகிற சத்தம். ஏழு தளம். அவசரமே இல்லாமல் ஏறுகிறான். ஒவ்வொரு தளத்திலும் கொஞ்சம் நின்று, மறுபடி. ஏணி வந்து முடிகிற கதவோரம் டெலாய்ட்தான் நின்றான். அவனைத் தாண்டி ஈரக்காற்று போனது. தரையில் பூட்ஸ் தடம், ஒன்று, அடுத்து ஒன்று... தண்ணீர்த் தடம். நடுப்பாதை வழியே போய் ஆன்செல்மோவுக்குப் பக்கத்தில் நின்றது.

கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருஷமாக அந்தப் பெயரை வாயால் சொல்லாத மனுஷன், தன் சொந்தப் பாஷையில், வீட்டுக் குரலில் சொன்னார்.

"நெஸ்டர். காவல் முடிஞ்சுது. இப்போ போய்த் தூங்குடா ராசா."

தடம் அதற்குமேல் போகவில்லை.

பித்தளைத் தகட்டில் ஆறாவது பெயர் அன்று சாயங்காலமே ஏறிவிட்டது. புதுக் கப்பலில் வேலை கிடைத்தால் நீங்களே போய்ப் பாருங்கள், எழுத்து மட்டும் கொஞ்சம் புதுசாகத் தெரியும். இதுவரைக்கும் நல்ல கதை. ஆனால் டெலாய்ட் இங்கே நிறுத்தமாட்டான்.

கூட்டம் கலைந்துவிட்டது. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ரொவீனா மேசையில் உட்கார்ந்து புத்தகத்தில் கடைசி வரியை எழுதினாள். நாலாம் பம்ப் அறை, ஆள் மாற்றம், மணி 10.52. ஏற்றவர் பெயர், டில்லட்சன். எழுதி முடித்து நிமிர்ந்தால், அவர் அதே சுவரோரம் நின்றார். ரிசீவர் காதில்தான் இருந்தது. இன்னொரு கையால் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார், பிரியவில்லை. கால்சட்டை கணுக்கால்வரை நனைந்திருந்தது.

"ஏம்மா..." மெதுவாகத்தான் கேட்டார். "என்னை மாத்த ஆள் எப்போ வரும்?"

ரொவீனா புத்தகத்தை மூடினாள். கீழே கிடந்த தடியை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"தெரியல சார். விடியக்காலையில இந்தக் கிழவியை இழுத்துட்டுப் போயிடுவாங்க."